பாசுரத்தின் ஊரும் பஞ்சின் ஊரும்: ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம், ஓர் ஒப்பாய்வு

கியூபாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஹவானாவோடு திரும்பிவிடுவதில்லை. 1519இல் இன்றைய இடத்தில் நிலைகொண்ட அந்தத் துறைமுக நகரத்தின் கோட்டைகளையும் சதுக்கங்களையும் பார்த்த கையோடு, 1514இல் தோன்றிய டிரினிடாட் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து சர்க்கரை ஆலைகள் இருந்த பள்ளத்தாக்கு, பிறகு கிழக்கே சோன் இசை வளர்ந்த சாந்தியாகோ பக்கம். செல்வம் குவிந்த இடம் ஒன்று, அது விளைந்த இடம் இன்னொன்று, அதற்காக உழைத்தவர்கள் பாடிய இடம் மற்றொன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் அந்தத் தீவின் கதை பிடிபடும்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இப்படிச் சேர்த்துப் பார்த்தே தீரவேண்டிய இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் சுமார் 12 கிலோமீட்டர்தான் தூரம். ஒரே நெடுஞ்சாலை, ஒரே ரயில் பாதை, பின்னால் ஒரே மலை. ஆனால் வெளியூர்க்காரர்கள் பார்ப்பது ஒன்றை மட்டும்தான். ஆண்டாளைச் சேவிக்கிறோம், பால்கோவா வாங்குகிறோம், வண்டியைத் திருப்புகிறோம். குற்றாலம் போகிறவர்கள் ராஜபாளையத்தைக் கடந்துதான் போகிறார்கள். டீ குடிக்க நிறுத்துவதோடு சரி. அது மில்லும் பஜாரும் உள்ள ஊர், பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்பதே என் கட்சி. ராஜபாளையத்தைப் பார்க்காதவர் ஸ்ரீவில்லிபுத்தூரை முழுதாகப் பார்த்தவர் ஆகமாட்டார். விஜயநகர – நாயக்கர் காலம் என்ற ஒரே வெள்ளம்தான் இரண்டு ஊர்களுக்கும் இன்றைய உருவத்தைக் கொடுத்தது. பிறகு வந்த வெள்ளைக்காரன் காலம் ஒன்றுக்கு நீதிமன்றத்தையும் நூலகத்தையும் கொடுத்தது. மற்றொன்றைப் பஞ்சாலை ஊர் ஆக்கியது.

நிர்வாகக் கணக்கிலேயே இந்த உறவு தெரியும். ராஜபாளையம் நெடுங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்துக்குள் அடங்கிய ஊர். அந்த வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. 1985இல் ராமநாதபுரம் பிரிக்கப்பட்டபோது காமராஜர் மாவட்டத்துக்கு வந்தது. அந்த மாவட்டம் பின்னால் விருதுநகர் மாவட்டமாகப் பெயர் மாறியது. இன்று அளவில் தலைகீழ். 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். வட்டத்துக்குள் இருந்த ஊர் வட்டத் தலைநகரை முந்திவிட்டது.

வயதில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வில்லி, கண்டன் என்ற வேடச் சகோதரர்களில் வில்லி காடு திருத்தி அமைத்த புத்தூர் என்பது தலபுராணம். பாண்டிய மன்னனின் அவையில் பெற்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பியது என்று மரபு போற்றும் வடபத்ரசாயி கோவில் கோபுரம் 11 நிலைகளோடு ஏறத்தாழ 59 மீட்டர் உயரம் நிற்கிறது. அந்தக் கோபுரத்தில் சிற்பக் கூட்டம் குறைவு. மற்றக் கோபுரங்களில் கண் சிற்பங்களில் சிக்கி நிற்கும். இங்கே பார்வை தடங்கலில்லாமல் உச்சிக்குப் போகிறது.

ராஜபாளையம் நேற்றைய ஊர். விஜயநகரப் பேரரசின் பெயரால் தெற்கே வந்த தெலுங்கு ராஜுக்கள் நாயக்கர் ஆட்சிக் காலத்தில் இங்கே குடியமர்ந்தார்கள் என்பது அவர்களுடைய குலமரபு. பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை என்ற பகுதிப் பெயர்களிலேயே படைவீரர் குடியிருப்பின் வாடை இன்னும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவின் முன்னெழுத்து பூசபாடி சஞ்சீவி. ஆந்திரத்து விஜயநகரம் சமஸ்தானத்தின் அரச குடும்பத்துக்கும் அதே பூசபாடிதான் குடிப்பெயர். தாமிரபரணிக்கும் வைகைக்கும் இடைப்பட்ட கரிசல் ஓரத்தில் கிருஷ்ணா – கோதாவரிக் கரையின் குடிப்பெயர்கள் இன்றும் புழங்குகின்றன.

இப்படிச் சொல்லும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய தமிழ் ஊர், ராஜபாளையம் வந்தேறிய தெலுங்கு ஊர் என்று ஒரு கோடு கிழிக்கத் தோன்றும். கோவிலுக்குள் போனால் அந்தக் கோடு அழிந்துவிடும். ஆண்டாள் சந்நிதி மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வீரபத்திரர், மன்மதன், ரதி முதலிய சிலைகள் நாயக்கர் காலத்துக் கைவண்ணம். ஊருக்குள் திருமலை நாயக்கரின் மகால் ஒன்று இருக்கிறது. மதுரை மகாலை நினைத்துக்கொண்டு போனால் சிறியதாகத் தெரியும். ஆனால் அதே சுதை வேலை, அதே வளைவுகள், அதே கனத்த தூண்கள். மடவார்வளாகம் வைத்தியநாதசாமி கோவிலில் திருமலை நாயக்கரின் வயிற்றுவலி தீர்ந்தது என்று ஊர் சொல்லும். ஆக, ராஜுக்களைக் கொண்டுவந்த அதே ஆட்சிதான் பாசுரத்தின் ஊருக்கும் இன்றைய கல்லையும் சுண்ணாம்பையும் கொடுத்திருக்கிறது.

இரண்டு ஊர்களையும் கட்டுகிற மிக உறுதியான கயிறு கல்லில் இல்லை, ஒரு நூலில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யத, பெரியாழ்வார் கதையையும் கோதை என்னும் ஆண்டாள் அரங்கனை மணந்த கதையையும் சொல்லும் காவியம். ஹம்பியில் அரசிருந்த ஒருவர் தம் பெருங்காவியத்துக்குக் களமாகத் தேர்ந்தெடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரை. அதில் இந்த ஊர் வருணனை அத்தனை நுணுக்கம். அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு வாய்க்காலில் தூங்கும் பறவைகளை, குளித்தவர்கள் மறந்து விட்டுப்போன துணி மூட்டை என்று நினைத்து ஊர்க்காவலர்கள் எடுக்கப் போவதும், அவை சடசடவென்று எழும்பிப் பறப்பதும், வயல் காக்கும் பெண்கள் சிரிப்பதுமாக ஒரு காட்சி வரும். திருமுக்குளத்துப் பக்கம் விடிகாலையில் நடக்கும்போது அந்தக் காட்சி தானாக நினைவுக்கு வரும்.

இந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ராஜபாளையத்துக்காரர். மு. கு. ஜகந்நாத ராஜா. தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று பல மொழிகளில் தோய்ந்தவர். பிராகிருத காதா சப்தசதியைத் தமிழாக்கியவர். ஆமுக்தமால்யத தமிழாக்கத்துக்காகச் சாகித்திய அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பாட்டு துங்கபத்திரைக்கரை வரை போய், அங்கே ஓர் அரசரைத் தெலுங்கில் பாட வைத்தது. அந்த அரசின் படைவழியே வந்தவர்கள் 12 கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்ந்தார்கள். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் அந்தத் தெலுங்கைத் திரும்பத் தமிழாக்கி ஊரில் சேர்த்தார். இரண்டு ஊர்களையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்ல எனக்கு இந்த ஒரு செய்தியே போதும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவில் வாசலிலோ ராஜபாளையம் பேருந்து நிலையத்திலோ இதைச் சொல்லும் ஒரு பலகை இல்லை.

இசைக்கு வருவோம். கியூபாவின் இசை தெருவில் கேட்கும் இசை. ஸ்பானியரின் கிதாரும் ஆப்பிரிக்கரின் கொட்டும் கலந்து பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் இசை சந்நிதிக்குள் பிறந்து வெளியே வந்த இசை. அரையர் சேவை இன்றும் தொடரும் கோவில்கள் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், கர்நாடகத்து மேல்கோட்டை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அதைப் பார்க்கலாம். தலையில் கூம்பு போன்ற குல்லாய், தோளில் பெருமாளின் மாலை, கையில் தாளம். அரையர் முதலில் பாசுரத்தை இசைப்பார். பிறகு அபிநயம் பிடிப்பார். பிறகு வியாக்கியானம் சொல்வார். மூன்றும் ஒரே ஆள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முதல் தடவை பார்க்கிறவருக்குக் கொஞ்சம் கரடுமுரடாகத் தோன்றலாம். அரை மணி நேரம் பொறுத்து நின்றால், பாட்டு, நடிப்பு, உரை என்று நாம் பின்னால் பிரித்துக்கொண்ட மூன்றும் ஒன்றாக இருந்த காலம் கண்முன் வரும்.

ஆண்டாளின் திருப்பாவை கச்சேரி மேடைக்கு வந்த கதை வேறு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 30 பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். முதல் பாசுரம் நாட்டை, இரண்டாவது கௌளை, மூன்றாவது ஆரபி. எம். எல். வசந்தகுமாரியின் குரல் அதை வீடுகள்தோறும் கொண்டுபோனது. பக்கவாத்தியமாக வயலின். அந்த வயலின் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த கதையில் முதலில் வரும் பெயர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். ஐரோப்பிய வாத்தியத்தைக் கற்று அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். எட்டயபுரம் இந்த ஊர்களிலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. காலனி ஆட்சி நமக்குக் கொடுத்துப் போனவற்றில் கலப்பே தெரியாமல் கலந்துவிட்டது அந்த வாத்தியம். கியூபாவில் கிதாருக்கு நடந்தது இங்கே வயலினுக்கு நடந்தது.

ராஜபாளையத்தில் இதற்கு இணையான இசை மரபு இருக்கிறதா? இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்லவேண்டும். ராம பஜனை உண்டு. புதுப்பாளையம் மாரியம்மன் கோவில் பூக்குழித் திருவிழாவில் நையாண்டி மேளம் உண்டு. ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு பாணி, இந்த மண்ணில் மட்டும் கேட்கக்கூடிய ஒன்று என்று நீட்டிக்காட்ட முடியாது. இந்தத் தட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரின் எடை அதிகம். அதை மறைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

இசையை விட்டு ஒலிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. திருமலை நாயக்கர், ஆண்டாள் கோவிலில் உச்சிக்கால பூஜை முடிந்தது தெரிந்த பிறகுதான் மதுரையில் உணவில் கைவைப்பாராம். அதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டி, ஒன்றில் முரசு கொட்டினால் அதைக் கேட்டு அடுத்ததில் கொட்டும்படி ஏற்பாடு செய்திருந்தார் என்பது இந்தப் பக்கத்துச் செவிவழிச் செய்தி. மதுரைச் சாலையில் கல் மண்டபங்களைக் காட்டி இன்றும் சொல்வார்கள். ஓர் ஊரின் பூஜை நேரம் இன்னோர் ஊரின் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானித்த கதை அது.

ராஜபாளையத்தில் நேரத்தைத் தீர்மானித்தது மில் சங்கு. காலை ஷிப்ட்டுக்கு ஒன்று, மாற்று ஷிப்ட்டுக்கு ஒன்று. சங்கு ஊதினால் அடுப்பு பற்றும், சைக்கிள்கள் தெருவில் இறங்கும், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும். கையில் கடிகாரம் கட்டாத ஒரு தலைமுறை முழுக்க அந்தச் சத்தத்தை வைத்தே நாளை நகர்த்தியது.

இந்த இடத்தில் டிரினிடாட் பள்ளத்தாக்கை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அங்கே மனாகா இஸ்நாகா தோட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ஒரு கோபுரம் நிற்கிறது. உயரம் சுமார் 45 மீட்டர். அதில் கட்டிய மணிதான் கரும்புக் காட்டு அடிமைகளுக்கு வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் சொன்னது. உச்சியிலிருந்து அவர்களைக் கண்காணிக்கவும் செய்தார்கள். கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தக் கோபுரத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள்; கீழே அதன் கதையையும் படிக்கிறார்கள். நகரா மண்டபம் பக்திக்காக ஒலித்தது, இஸ்நாகா மணி அடிமைத்தனத்துக்காக ஒலித்தது, மில் சங்கு கூலிக்காக ஒலித்தது. மூன்றுக்கும் இடையில் மலையளவு வேறுபாடு உண்டு; மில் தொழிலாளியை அடிமையோடு ஒப்பிடுவது அவரை அவமதிப்பதாகும். ஆனால் முதல் இரண்டும் வரலாறாகப் போற்றப்படும்போது, மூன்றாவதை மட்டும் நாம் வரலாறாக எண்ணுவதே இல்லை.

காலனிக் காலச் சின்னம் என்றதும் நமக்கு மாதாகோவிலும் துரை பங்களாவும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வகையிலும் பார்க்க உண்டு. பூலித்தேவர் காலத்துப் போர்களில் இந்த ஊரும் களமாக இருந்தது. கம்பெனி ஆட்சி நிலைத்த பிறகு கச்சேரிகளும் நீதிமன்றமும் வந்தன. நாயக்கர் மகாலே நீதிமன்றமாகப் பயன்பட்டது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் ஆன பின்னும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். எனக்கு மிகவும் பிடித்தது பென்னிங்டன் நூலகம். 1875இல் ஊர்ப் பெரியவர்கள் தொடங்கிய நூலகம். அன்றைய கலெக்டர் பென்னிங்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. ஒரு கோவில் ஊர், வழக்குக்கு வரும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் நிறைந்த ஊராக மாறியபோது அங்கே வாசகர்கள் உருவானார்கள் என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி. கோவிலுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அங்கே எட்டிப்பார்ப்பதாகத் தெரியவில்லை.

ராஜபாளையத்துக் காலனிச் சின்னம் வேறு வகை. அதைக் கட்டியவர் துரை இல்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனது. அப்போது திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு வந்த கிராக்கி இந்தக் கரிசல் பூமியின் தலையெழுத்தை மாற்றியது. பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. துணியாகத் திரும்பி வந்தது. பிறகு ஆர்வி என்ற வெள்ளைக்காரச் சகோதரர்கள் இங்கேயே ஆலை வைத்தார்கள். 1880களில் தாமிரபரணிக் கரையின் விக்கிரமசிங்கபுரம், அடுத்துத் தூத்துக்குடி, 1892இல் மதுரை. பஞ்சு நம்முடையது, கூலி நம்முடையது, லாபம் அவர்களுடையது. 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை வந்தது. ஒன்பது ஆண்டுகளில், 1936இல், பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நிலமும் விவசாயமும் தெரிந்த ஓர் ஊர், தன் சேமிப்பைப் பங்காகப் போட்டு இயந்திரத்தில் இறங்கியது. அங்கிருந்து கிளைத்ததுதான் இன்றைய ராம்கோ குழுமம்.

நூற்பாலைக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கவேண்டும். பேல் பேலாக இறுகி வந்த பஞ்சை உடைத்துத் தூசி தட்டும் அறையில் பேச்சுக் குரல் எடுபடாது. கார்டிங்கில் அது மெல்லிய வலை போல இறங்கி, கயிறாகத் திரண்டு, கேனுக்குள் சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற பெண்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அறுந்த நூலை அவர்கள் விரல் ஒட்டவைக்கும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு படிந்திருக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகளில் ஓடுவது மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. நாட்டின் எந்த மூலையில் யார் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அதில் இந்த மண்ணின் நூல் இருக்க வாய்ப்புண்டு. இதெல்லாம் சுற்றுலாவில் சேராது என்று யார் முடிவு செய்தது?

கையின் வேகத்தைப் பற்றிச் சொன்னதால் ஆண்டாளின் கிளியையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலையில் உடல், மூங்கில் குச்சியில் கால்கள், வாழைநாரில் கட்டு. இன்று செய்த கிளி நாளை இல்லை. நாளைக்கு மறுபடி செய்யவேண்டும். பரம்பரையாக இதைச் செய்கிறவர்களின் விரலில் இருப்பதும், ஸ்பின்னிங் பெண்ணின் விரலில் இருப்பதும் ஒரே மாதிரித் தேர்ச்சி என்றே நான் நினைக்கிறேன். ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மற்றதன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அரசியலிலும் இரு ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ராஜபாளையத்தின் குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானபோது முதலமைச்சர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். பிறகு ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாகாணத்தையே ஆண்ட ஒருவரின் வீடு இன்று பொதுச்சொத்து. அவர் பதவியேற்ற அதே 1949இல்தான் கோபுரம் பொறித்த அரசு முத்திரை உருவானது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பெருவழக்கு. மதுரை மேலைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்ற வாதமும் இருக்கிறது. எந்தக் கோபுரமானாலும், அந்த முத்திரை அரசுத் தாளில் ஏறிய காலத்தில் ஆட்சியில் இருந்தவர் அடுத்த ஊர்க்காரர்.

பாதுகாப்பில்தான் இரண்டு ஊர்களுக்கும் இடையில் பெரிய பள்ளம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலைக் காக்க அறநிலையத் துறை, மகாலைக் காக்கத் தொல்லியல் துறை. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவத்துக்கும், சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் போகிறது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையத்துக்கு? 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்கள் தபால்தலை வரிசையில் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக ராஜபாளையம் நாய் இடம்பெற்றது. வெளியுலகம் அந்த ஊரை அறிந்தது அதோடு சரி. தேக்குத் தூணும் முற்றமும் திண்ணையும் உள்ள பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து வணிக வளாகம் ஆகின்றன. பழைய கட்டடம் ஒன்று விழுந்தால் கேட்க ஆளில்லை.

ஹவானாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இடிந்துகொண்டிருந்தது. 1938இல் அங்கே நகர வரலாற்றாளர் அலுவலகம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1982இல் பழைய ஹவானா உலக மரபுச் சின்னம் ஆனது. 1988இல் டிரினிடாடும் அதன் சர்க்கரைப் பள்ளத்தாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கவனியுங்கள்: மாளிகைகள் மட்டும் இல்லை, ஆலைகள் இருந்த பள்ளத்தாக்கும் சேர்த்து. 1990களில் வரலாற்றாளர் எவுசேபியோ லெயாலின் அலுவலகத்துக்குச் சுற்றுலா வருமானத்தைத் திரட்டி அதே நகரத்தின் சீரமைப்பில் போடும் உரிமை கிடைத்தது. ஏழை நாடு, பொருளாதாரத் தடையில் தவித்த நாடு, அதனால் முடிந்தது. நம்மிடம் 2012இல் இயற்றிய மரபு ஆணையச் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு வேலை கொடுக்க ஒரு பட்டியல் வேண்டும். ராஜபாளையத்துக்கு அந்தப் பட்டியலே இன்னும் எழுதப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

போக நினைக்கிறவர்களுக்கு: சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கும். மார்கழியில் வந்தால் அரையர் சேவையும் எண்ணெய்க்காப்பு உற்சவமும், ஆடியில் வந்தால் ஆடிப்பூரத் தேரும் கிடைக்கும். காலையில் கோவில், நந்தவனம், கண்ணாடிக் கிணறு, மகால், பென்னிங்டன் நூலகம். மதியம் ராஜபாளையம், காந்தி கலை மன்றம், ஜவஹர் மைதானம், பழையபாளையத்துத் தெருக்கள். மறுநாள் காலையில் மலையடிவாரத்து அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் போகலாம். மாம்பழக் காலமானால் சப்பட்டையைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். ராத்திரி ராஜபாளையத்தில் தங்குங்கள். ஒரு ராத்திரி தங்காத ஊரை யாரும் பார்த்ததாகச் சொல்லமுடியாது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் மில்லின் பழைய பங்குப் பத்திரம், தாத்தாவின் சம்பளச் சீட்டு, தொழிற்சங்க நோட்டீஸ், தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதிய கடிதம், ஷிப்ட் முடிந்து வாசலில் நின்று எடுத்த படம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெயரும் ஆண்டும் தெரிந்தவரை பின்புறம் எழுதிவையுங்கள். அவற்றை ஓரிடத்தில் சேர்க்கக் காந்தி கலை மன்றத்தையோ, 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள பென்னிங்டன் நூலகத்தையோ கேளுங்கள். நகராட்சியிடம் பழைய கட்டடங்களின் பட்டியலைக் கேட்டு மனுக் கொடுங்கள். மில்லில் வேலை பார்த்த முதல் தலைமுறையின் கதையை அவர்கள் பிள்ளைகள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.